சோறு இல்லாத தட்டு



போன முறை பிள்ளைகளின் புத்தகப் பைச் சுமையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அதைவிடக் கனமானது. என்மேலேயே ஒரு குற்றத்தைச் சாட்டிக்கொண்டுதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

லாயாங் லாயாங் வட்டாரத்தில், சுற்றிலும் செம்பனை மரங்கள் நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. என் வகுப்பறையின் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். ஆண்டுக்கு இரண்டு தடவை அளப்பேன். யார் கோடு எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தகப்பனார் குலை வெட்டுகிறவர். தாயார் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர். பையன் கெட்டிக்காரன், வாய்ப்பாடு ஒப்பித்தால் நிறுத்தவே மாட்டான். ஆனால் வலிப்பு நோய் அவனைப் பிடித்திருந்தது. வாரத்தில் நான்கைந்து தடவை கண்கள் மேலே செருகி, கைகால் இழுத்துக்கொள்ளும். ஒரு மருந்து கொடுத்துப் பார்த்து, பிறகு இரண்டாவது மருந்தும் சேர்த்தார்கள். குறைந்தது, நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், சோற்றையும் சீனியையும் விலக்கி, கொழுப்பை மிகுதியாகக் கொடுத்து வலிப்பை அடக்கும் ஓர் உணவுமுறை உண்டென்று படித்தேன். மறுநாள் பள்ளி வாசலில் அந்தத் தாயைப் பார்த்ததும், “தங்கச்சி, சோறும் சீனியும் நிறுத்தினா சில பிள்ளைங்களுக்கு இழுப்பு அடங்குதாம்” என்று சொல்லிவிட்டேன். “டாக்டரைக் கேட்டுச் செய்யணும்” என்ற அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடிவிட்டேன்.

ஏழு வாரம் கழிந்தது. பையனின் சட்டை தொளதொளவென்று தொங்கியது. எடை பார்த்தேன். 21 கிலோ இருந்தவன் 18½ கிலோ. வீட்டில் அவனுக்குச் சோறு நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் அவித்த முட்டையும் கோழியும்தான். கொழுப்பு சேர்க்க வேண்டும் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. உணவே மருந்து என்று நம்பி, வலிப்பு மருந்தையும் பாதியாகக் குறைத்திருந்தார். ஒருநாள் காலை, சபைகூடல் நேரத்தில் பையன் விழுந்தான். ஐந்து நிமிடம் கடந்தும் இழுப்பு நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

மருத்துவமனையில் நானும் கூட இருந்தேன். “யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். அந்தத் தாய் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நானாத்தான் செஞ்சேன்” என்றார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் நான் அந்த உணவுமுறையை முறையாகப் படித்தேன். அரைகுறையாக நான் சொன்னதை இன்று உங்களுக்கு முழுமையாகச் சொல்கிறேன்.

உணவு மருந்தான கதை

பட்டினி கிடந்தால் வலிப்பு தணிகிறது என்பது மிகப் பழைய கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரஸல் வைல்டர் ஒரு வழி சொன்னார். பட்டினி கிடக்கும் உடல், மாவுச்சத்து கிடைக்காமல் கொழுப்பை எரிக்கிறது. அப்போது கல்லீரல் ‘கீட்டோன்’ என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. மூளை அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. சாப்பாட்டிலேயே மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், பட்டினி கிடக்காமலேயே அந்த நிலையை அடையலாம் அல்லவா? இதற்குத்தான் ‘கீட்டோஜெனிக்’ உணவுமுறை என்று பெயர்.

1938இல் ஃபெனிட்டாய்ன் என்ற மாத்திரை வந்தது. விழுங்குவது சுலபம், சமைப்பது கஷ்டம். ஆகவே உணவுமுறை மெல்ல ஒதுங்கிப்போயிற்று. 1990களில்தான் அது மறுபடி பேசப்பட்டது. அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் ஜிம் ஆபிரகாம்ஸின் மகன் சார்லிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்த உணவில் அவனுடைய வலிப்பு நின்றது. 1994இல் அந்தத் தகப்பனார் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1997இல் இதை வைத்து ஒரு படமும் எடுத்தார்.

படத்தை மட்டும் நம்பி மருத்துவர்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 145 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில், உணவுமுறையில் இருந்தவர்களில் 100க்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மற்ற பிரிவில் 100க்கு 6 பேருக்குத்தான். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2 முதல் 14 வயது வரையுள்ள 102 பிள்ளைகளிடம், சற்று இலகுவான ‘மாற்றப்பட்ட அட்கின்ஸ்’ முறையைச் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவின்படி 100க்கு 52 பேருக்குப் பாதிக்கு மேல் குறைவு. மற்ற பிரிவில் 11 அல்லது 12 பேருக்கு மட்டுமே. சப்பாத்தியும் பருப்பும் சாப்பிடும் நம் இந்தியக் குடும்பங்களிலும் இது நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

ஒன்றைக் கவனியுங்கள். இதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் குணமாகவில்லை. தவிர, வலிப்பு நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மருந்தே போதும். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் அடங்காதபோதுதான் மருத்துவர்கள் பொதுவாக இந்த உணவைப் பற்றி யோசிக்கிறார்கள்.

தட்டில் என்ன இருக்கும்?

கண்டிப்பான பழைய முறையில், புரதமும் மாவும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மற்றவை 4 கலோரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கலோரியில் 36 கொழுப்பிலிருந்து வருகிறது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. இலகுவான முறையில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் நாள் முழுவதற்கும் மாவுச்சத்து 10 முதல் 20 கிராம்தான். ஒரு கோப்பை சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் இருக்கிறது! ஒரு தேக்கரண்டி சீனியில் 4 கிராம். ரொட்டி சானாய், மீ கோரேங், மைலோ, சிரப் தண்ணீர் எல்லாம் அப்படியே விலக்கு. இனிப்புச் சேர்த்த இருமல் மருந்துகூடக் கணக்கில் வரும்.

எங்கள் பையன் பிறகு பெரிய மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையெல்லாம் முடித்து, இந்த இலகு முறையில்தான் சேர்க்கப்பட்டான். உணவு ஆலோசகர் தாயாரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முட்டையை வெண்ணெயில் பொரிப்பது, கெட்டித் தேங்காய்ப்பாலில் மீன் சமைப்பது, காங்கோங்கும் வெள்ளரியும் அளந்து வைப்பது, பூக்கோசைத் துருவி வதக்கிச் சோறு போலப் பரிமாறுவது. சமையலறையில் ஒரு சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. 1971இல் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர் இந்த உணவுக்கென்று ஒரு தனி எண்ணெயைப் பயன்படுத்தினார். சுருக்கமாக எம்.சி.டி. எண்ணெய் என்பார்கள். அது வேகமாகக் கீட்டோனாக மாறுவதால், தட்டில் கொஞ்சம் கூடுதலாக மாவும் புரதமும் வைக்க இடம் கிடைக்கிறது. அந்த எண்ணெயைத் தேங்காயெண்ணெயிலிருந்தும், செம்பனைக் கொட்டையின் பருப்பெண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கிறார்கள். நாம் வெட்டும் குலை எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்! அதற்காகக் கடையில் வாங்கும் சமையல் எண்ணெயைப் பிள்ளையின் வாயில் ஊற்றிவிடாதீர்கள். தேங்காயெண்ணெயில்கூட அந்தக் குறிப்பிட்ட கொழுப்பு சிறு பங்குதான். பிரித்தெடுத்ததையும் அளவு தெரியாமல் கொடுத்தால் வயிற்றுவலியும் பேதியும் மிஞ்சும்.

“இழுப்பு நின்னுச்சி, வளர மாட்டேங்கிறானே!”

முறையாகத் தொடங்கிய மூன்றாவது மாதத்தில், வாரம் நான்கைந்து என்றிருந்த வலிப்பு மாதம் ஒன்று என்று குறைந்தது. பையன் முகம் தெளிந்தது. ஆனால் ஓராண்டு முடிந்து கதவு நிலையில் அவனை நிறுத்தி அளந்தபோது என் கை தயங்கியது. 119 செண்டிமீட்டர் இருந்தவன் 121½. இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 செண்டிமீட்டர் வளர வேண்டும். அவனைவிடக் குட்டையாக இருந்த பிள்ளைகளின் கோடுகள் எல்லாம் அவனைத் தாண்டிப் போயிருந்தன.

தாயாரும் அதைப் பார்த்தார். “டீச்சர், இழுப்பு நின்னுச்சி, ஆனா வளர மாட்டேங்கிறானே! நான் என்ன செய்யறது? எதை விட்டு எதைப் புடிக்கிறது?” என்று கேட்டார். பெற்ற மனத்துக்கு இதைவிடக் கடினமான கேள்வி உண்டா?

இந்தக் கவலை அவருக்கு மட்டும் வந்ததல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இந்த உணவில் இருந்த 237 பிள்ளைகளைக் கவனித்து 2002இல் எழுதினார்கள். வயதுக்கு மூத்த பிள்ளைகள் ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தார்கள். மிகச் சிறிய குழந்தைகளின் வளர்ச்சிதான் அதிகமாகப் பின்தங்கியது. அதே மருத்துவமனையில், ஆறு ஆண்டுக்கும் மேலாக இந்த உணவில் இருந்த 28 பேரைப் பற்றி 2006இல் எழுதியபோது, பெரும்பாலோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். ஏழு பேருக்குச் சிறுநீரகக் கல், ஆறு பேருக்கு எலும்பு முறிவு. வலிப்பு அடங்கியிருந்தும் இந்த விலை.

ஏன் இப்படி? காரணம் ஒன்றல்ல. உயரத்துக்குப் புரதம் வேண்டும். கண்டிப்பான முறையில் புரதம் அளந்துதான் வருகிறது. கொழுப்பு திகட்டுவதால் பிள்ளை தட்டை மிச்சம் வைக்கும்; மொத்தக் கலோரியே குறைந்துபோகும். கீட்டோன்கள் மிகும்போது இரத்தத்தில் அமிலத்தன்மை சற்று ஏறும். அது எலும்புக்கு நல்லதல்ல. பாலும் பழமும் தானியமும் குறைவதால் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் போதாமல் போகும். ஆகவே சுண்ணாம்புச் சத்து, டி உயிர்ச்சத்து, பல்சத்து மாத்திரை ஆகியவை இந்த உணவின் பகுதியே. ‘டானிக்தானே’ என்று விட்டுவிடக் கூடாது.

மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோன் போன்ற பழைய வலிப்பு மருந்துகள் உடலில் டி உயிர்ச்சத்தைச் சீக்கிரம் கரைக்கின்றன. டோப்பிராமேட் பசியைக் குறைக்கலாம். வால்ப்ரோயேட் எடையைக் கூட்டலாம். உணவுமுறையில் இல்லாத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

வெயில் காயும் ஊரில் வெயில் சத்துக் குறைவா?

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வலிப்பு மருந்து சாப்பிடும் 244 பிள்ளைகளைப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அவர்களில் 100க்கு 22 பேருக்கு மேல் டி உயிர்ச்சத்துப் பற்றாக்குறை. யாருக்கு அதிகம் என்று பார்த்தால், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சாப்பிடுகிறவர்கள், 12 வயதைத் தாண்டியவர்கள், பெண் பிள்ளைகள், வெயிலில் குறைவாக இருக்கிறவர்கள். அதோடு, இந்திய வம்சாவளிப் பிள்ளைகள்.

நம் தோல் கருமை; அதே அளவு சத்தை உண்டாக்கக் கூடுதல் வெயில் வேண்டும். அந்தக் காலத்தில் நாம் பால்மரக் காட்டுக்கும் ஆற்றுக்கும் ஓடினோம். இன்று பிள்ளைகள் கைபேசியோடு வீட்டுக்குள். அதிலும் வலிப்புள்ள பிள்ளை என்றால், “விழுந்துடுவே, வெளியே போகாதே” என்று அடைத்தே வைக்கிறோம். தண்ணீரும் மரமேறுவதும் ஆபத்துதான். ஆனால் ஒரு பெரியவர் பார்வையில் திடலில் ஓடியாடுவதில் தடை வேண்டாம். நம் பையனை நான் காலை உடற்பயிற்சிக்கு விடாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதுவும் தவறு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பாட்டியின் பிஸ்கெட்

பள்ளியில் ஆர்.எம்.டி. திட்டத்தில் இலவசக் காலை உணவு கொடுக்கிறோம். 1979 முதல் இருந்துவரும் நல்ல திட்டம். ஆனால் சோறும் மீயும் வரும் நாளில் இந்தப் பையன் தன் டப்பாவைத் திறந்து முட்டையைச் சாப்பிட வேண்டும். முதலில் தனியாக மூலையில் உட்கார்ந்தான். பிறகு நான் மற்றப் பிள்ளைகளிடம், “இது அவனுக்கு மருந்து. உங்களுக்குக் காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி” என்று சொல்லி, நடுவிலேயே உட்கார வைத்தேன். பிறந்தநாள் மிட்டாய் கொண்டுவந்தால், அவனுக்கு மட்டும் ஒரு பென்சிலோ அழிப்பானோ என்று வகுப்பே முடிவு செய்துகொண்டது.

வீட்டில் சங்கடம் வேறு மாதிரி. “வளர்ற பிள்ளைக்குச் சோறில்லாமலா?” என்று பாட்டிக்கு மனம் பொறுக்கவில்லை. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் நான்கு பிஸ்கெட் கொடுத்திருக்கிறார். அன்றிரவே இரண்டு தடவை இழுப்பு. பாட்டியைத் திட்டிப் பயனில்லை. அன்பில்தான் கொடுத்தார். அடுத்த பயணத்தில் பாட்டியையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், உணவு ஆலோசகர் வாயாலேயே கேட்க வைத்தார்கள். அதற்குப் பிறகு தராசைக் கையில் எடுத்து நிறுத்தவே பாட்டிதான் முன்னால் நிற்கிறார்!

சிரமம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் பெற்றோருக்கு ஒருநாள் சம்பளம் போகிறது. முட்டையும் வெண்ணெயும் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாய் ஒரு தவணையைக்கூடத் தவறவிடவில்லை. வளர்ச்சிக் கணக்கை மருத்துவர்கள் பார்த்து, புரதத்தையும் மொத்தக் கலோரியையும் கூட்டி, சுண்ணாம்புச் சத்தைச் சரிசெய்தது அந்தத் தவணைகளில்தான். இரண்டாம் ஆண்டில் பையன் 4 செண்டிமீட்டர் வளர்ந்தான்.

நினைவில் வைக்க வேண்டியவை

வலிப்பு உள்ள பிள்ளைக்கு நீங்களாகச் சோற்றை நிறுத்தாதீர்கள். கைபேசியில் வரும் எடை குறைக்கும் ‘கீட்டோ’ சமையலும் இதுவும் ஒன்றல்ல. பிறவியிலேயே கொழுப்பை எரிக்க முடியாத சில குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் இரத்தம் சோதிக்கிறார்கள்.

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். நீண்டு நிற்காத வலிப்பு வருவதற்கு அதுவே பெரிய காரணம்.

உணவுமுறையில் சேர்ந்துவிட்டால், தவணைதோறும் உயரமும் எடையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சட்டை தொளதொளத்தாலோ, ஆறு மாதமாகச் செருப்பளவு மாறாவிட்டாலோ, அடுத்த தவணைவரை காத்திராமல் சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் கொடுங்கள். சிறுநீரகக் கல்லுக்கும் மலச்சிக்கலுக்கும் அது தடுப்பு. இடுப்புவலி, சிறுநீரில் இரத்தம், ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்தும் பலன் தெரியாவிட்டால், தொடர வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலன் தந்தால் பொதுவாக இரண்டு ஆண்டுக்குப் பிறகு மெல்ல மெல்லச் சோற்றுக்குத் திருப்புவார்கள். ஆயுள் முழுக்க என்று பயப்பட வேண்டாம்.

யாருக்காவது வலிப்பு வந்தால், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். நேரத்தைப் பாருங்கள். சாவிக்கொத்து, இரும்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999ஐ அழையுங்கள்.

என் சக ஆசிரியர்களுக்கும், டிரெசர்மார்களுக்கும், கோயில் திண்ணையில் யோசனை சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்து மக்கள் நம் வாயைப் பார்க்கிறார்கள். நாம் பாதி சொன்னால் அவர்கள் முழுதாகச் செய்துவிடுவார்கள். அந்தத் தாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் நானே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க டீச்சர், நல்லதுக்குத்தானே சொன்னீங்க” என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. மருத்துவர்கள் சொன்னபடி உணவுமுறையைப் படிப்படியாக விட்டுவிட்டான். வலிப்பு எப்போதாவது எட்டிப் பார்க்கிறது, மருந்து தொடர்கிறது. வகுப்பில் இன்னமும் அவன்தான் குட்டை. ஆனால் கடந்த ஆறு மாதத்தில் மட்டும் 3½ செண்டிமீட்டர் ஏறியிருக்கிறான். உணவுமுறையை விட்ட பிறகு பிள்ளைகள் பலர் விட்ட வளர்ச்சியைப் பிடித்துவிடுகிறார்கள் என்று மருத்துவர் சொன்னாராம்.

போன வாரம் கதவு நிலையில் அவனை நிறுத்தி அளந்தேன். குதிகாலைத் தூக்கப் பார்த்தான். “காலை இறக்குடா, கள்ளா” என்றேன். வகுப்பே சிரித்தது. கோட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் தேதியும் எழுதிவைத்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் உயரத்தையும் இன்றே ஒரு சுவரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை சந்திப்போம்.